கீட்டோ சாப்பாடா, வேகஸ் நரம்புக் கருவியா?

என் மகளுக்கு லெனாக்ஸ்-காஸ்டோ வகை வலிப்பு; சிறு வயதில் தொடங்கும், மருந்துக்கு எளிதில் அடங்காத வகை. நான்கு மருந்து மாற்றியும் ஃபிட்ஸ் அடங்கவில்லை. நின்றுகொண்டிருப்பவள் திடீரென்று குப்புற விழுவாள். மூளை அறுவை அவளுக்குப் பொருந்தாது என்றான பிறகு டாக்டர் சொன்னது இரண்டு வழி: கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து மிகக் குறைந்த கீட்டோ உணவு, அல்லது மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவி. முதலாவதோடு ஒரு வருடம் போராடினோம். கருவி வைத்து மூன்று வருடம் ஆகிறது.

பலனில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. இரண்டிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஃபிட்ஸ் பாதியாகக் குறையும். மாத்திரையும் தொடரும். செலவில் கீட்டோ ஜெயிக்கும். கருவிக்குப் பல லட்சம். வேகத்திலும் கீட்டோதான்: மூன்று மாதத்தில் கேட்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கருவியின் பலன் ஒன்றிரண்டு வருடத்தில் மெல்ல மெல்லக் கூடும்.

அப்புறம் ஏன் கருவி? தினசரிப் பாட்டை நினைத்துத்தான்.

இது எடை குறைக்க யூடியூபில் காட்டும் கீட்டோ இல்லை. 1921-இல் மயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் வலிப்புக்கென்றே முன்வைத்த உணவு முறை. நான்கு கிராம் கொழுப்புக்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்தே ஒரு கிராம். சோறு, இட்லி கிடையாது. தேங்காய் எண்ணெயைத் தராசில் நிறுத்து, தட்டில் ஒட்டியதையும் வழித்து ஊட்ட வேண்டும். இருமல் சிரப்பில் இருக்கும் சர்க்கரைக்கும் கணக்கு உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை என் அம்மா கோயில் சர்க்கரைப் பொங்கலில் ஒரு கரண்டி ஊட்டிவிட்டார். "பிரசாதம்தானேப்பா, என்ன பண்ணிடும்?" அன்று மாலை சிறுநீரில் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) இருக்கிறதா என்று பார்க்க நனைத்த பட்டை ஊதாவாக மாறாமல் வெளிறியே கிடந்தது. அடுத்த இரண்டு நாளில் நான்கு தடவை விழுந்தாள். பொங்கல்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அம்மா அதற்குப் பிறகு பேத்திக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட என்னைக் கேட்டார்.

கருவியில் இந்த வம்பு இல்லை. இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் சின்ன டப்பி; அதிலிருந்து கழுத்து நரம்புக்கு ஒரு கம்பி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முப்பது விநாடி தானே தூண்டும். அந்த முப்பது விநாடியும் குரல் கரகரக்கும். பாட்டுப் பாடிக்கொண்டிருந்தால் நிறுத்தி, "மெஷின் பேசுது" என்பாள். ஃபிட்ஸ் வருவதுபோல் தெரிந்தால் டப்பியின் மேல் காந்தத்தை ஒருமுறை நகர்த்தினால் கூடுதலாக ஒரு தூண்டல். வகுப்பு டீச்சரின் டிராயரிலும் ஒரு காந்தம் இருக்கிறது. வேளை தவறாத மருந்து, யாரும் நிறுத்துப் போட வேண்டாம்.

இதற்கும் பராமரிப்பு உண்டு. தொடக்கத்தில் மின்னளவைக் கால் மில்லிஆம்பியராகக் கூட்டக் கூட்ட அலைச்சல்தான். எம்ஆர்ஐ என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிசியோதெரபியில் டயாதெர்மி (உடலுக்குள் சூடேற்றும் சிகிச்சை) வைக்கவே கூடாது. பேட்டரி தீர்ந்தால் மறுபடி அறுவை. அந்தக் கட்டத்தை நாங்கள் இன்னும் தாண்டவில்லை, அதைக் கழித்துக்கொண்டு என் பேச்சைக் கேளுங்கள். தினமும் விழுந்தவள் இப்போது வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை விழுகிறாள். ஹெல்மெட்டை இன்னும் கழற்றவில்லை.

குளூட்-1 குறைபாடு (ரத்தத்தின் சர்க்கரை மூளைக்குள் சரியாகப் போகாத மரபணுக் குறை) என்று பரிசோதனையில் வந்தால் யோசிக்கவே வேண்டாம், கீட்டோதான் முதல் சிகிச்சை. குழாய் வழியாக உணவு போகும் குழந்தைக்கும் கீட்டோ சுலபம். இதற்கென்றே உள்ள கீட்டோ பால்பவுடரை அளந்து கலந்து விட்டால் போதும். என் பெண்ணோ பக்கத்து வீட்டு இட்லி வாசனைக்கே அழுதவள்.