ஐ.இ.பி. சேவை: ஓராண்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எங்கள் மகனுக்கு ஐந்து வயது. பேச்சு தாமதமாக வந்தவன். செய்துகொண்டிருப்பதை விட்டு வேறொன்றுக்கு மாறச் சொன்னால் தரையில் படுத்துக்கொள்வான். சிறப்புக் கற்றல் தேவையுள்ள குழந்தைகளுக்குத் தனிநபர் கல்வித் திட்டம், அதாவது ஐ.இ.பி., தயாரித்துத் தரும் ஒரு மையத்தின் சேவையை ஓராண்டு பயன்படுத்திய பின் இதை எழுதுகிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது தொடக்க மதிப்பீட்டை. முதல் நாள் சிறப்பாசிரியர் அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மரக்கட்டைகளைத் தரையில் கொட்டிவிட்டுச் சற்றுத் தள்ளி அமர்ந்து குறிப்பெடுத்தார். டப்பாவின் மூடி திறக்க வராதபோது அவன் என் முகத்தைப் பார்க்காமல் என் கையை மட்டும் இழுத்து மூடியின் மேல் வைத்ததை, நாங்கள் தினமும் கண்டும் கவனிக்காததை, அவர் அன்றே எழுதிவிட்டார். அதுவரை எங்களுக்குக் கிடைத்த அறிக்கைகளெல்லாம் அவனால் முடியாதவற்றின் பட்டியலாகவே இருந்தன. இந்த அறிக்கை அவனுக்கு என்ன வரும் என்பதிலிருந்து தொடங்கியது.

ஆனால், அதைத் தொடர்ந்து வந்த திட்டத்தின் முதல் வரைவு ஏமாற்றமளித்தது. 'கவனம் மேம்படும்', 'சமூகத் திறன் வளரும்' என்ற வரிகளை எந்தக் குழந்தையின் கோப்பில் வைத்தாலும் பொருந்தும். மூன்றாம் பக்கத்தில் எங்கள் மகன் 'அவள்' ஆகியிருந்தான்; வேறொரு குழந்தையின் திட்டத்திலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. திருப்பி அனுப்பினோம். மறுப்புச் சொல்லாமல் ஒரே வாரத்தில் மாற்றித் தந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். புதிய வரைவில் ஓர் இலக்கு இப்படி இருந்தது: 'பட அட்டவணையைக் காட்டி ஒருமுறை நினைவூட்டினால், ஐந்து முறைக்கு நான்கு முறை, இரண்டு நிமிடத்துக்குள் அடுத்த செயலுக்கு மாறுவான்.' எந்த உதவியுடன், எத்தனை முறை, எவ்வளவு நேரத்தில் என்பதெல்லாம் இருப்பதால், எட்டினானா இல்லையா என்பதை வீட்டிலிருந்தே எங்களால் எண்ணிப் பார்க்க முடிந்தது. அன்றைய செயல்களைப் பட அட்டைகளாக வரிசையில் காட்டும் அந்த அட்டவணையிலிருந்து, முடிந்த செயலின் அட்டையைப் பிய்த்துப் பெட்டியில் போடுவது அவனுக்குப் பிடித்துப்போக, ஆறாவது வாரத்திலேயே அந்த இலக்கை எட்டிவிட்டான்.

குறை அதற்குப் பிறகுதான். ஐ.இ.பி. முறை 1975-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே நடைமுறைக்கு வந்தது. பெற்றோரும் திட்டத்தை வகுக்கும் குழுவின் உறுப்பினர்கள் என்பதும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் திட்டத்தை மறுஆய்வு செய்யவேண்டும் என்பதும் அங்குள்ள விதிகள். சின்னக் குழந்தைக்கு ஓராண்டு மிக நீண்ட காலம் என்பது என் கருத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று மையமே வாக்களித்திருந்தும், முதல் மறுஆய்வு ஐந்தாம் மாதத்தில், அதுவும் நாங்கள் இருமுறை கேட்ட பிறகே நடந்தது. அதுவரை அவனுக்கு ஏற்கெனவே வந்துவிட்ட ஒன்றையே திரும்பத் திரும்பப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு குறை பள்ளியோடு தொடர்புடையது. பாடத்தை மாற்றாமல் முன்வரிசை இருக்கை, கூடுதல் நேரம், படக்குறிப்பு போன்ற வசதிகளைத் தருவது வேறு. பாடத்தையே குறைப்பது வேறு. திட்டத்தில் இரண்டும் ஒரே தலைப்பின் கீழ் இருந்ததால், மற்றவர்கள் ஆறு எழுத்து எழுதும்போது வகுப்பாசிரியை அவனுக்கு இரண்டு மட்டும் கொடுத்திருக்கிறார். அவர்மேல் குற்றமில்லை, தாளில் இருந்ததைத்தான் செய்தார். நேரம் கொடுத்தால் ஆறையும் எழுதக்கூடியவன் அவன்.

பேச்சுப் பயிற்சி குறித்துப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை, சரியாக நடந்தது.

இரண்டாம் ஆண்டுக்கும் இதே மையத்தில் தொடர்கிறோம், முக்கியமாக அந்தச் சிறப்பாசிரியருக்காக. இம்முறை மறுஆய்வுத் தேதிகளைத் திட்டத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டோம்; வாராந்திரப் பதிவுத்தாளின் நகலும் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருகிறது.