கூகுள் ஸ்காலரா, கல்லூரி நூலகத் தரவுத்தளமா?

ஆய்வுக் கட்டுரைக்கு ஆதாரம் தேடும்போது பலரும் தடுமாறும் இடம் இது.

செலவு: ஸ்காலர் என்பது கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடல். அதில் தேட காசில்லை; ஆனால் பல கட்டுரைகள் சுருக்கத்தோடு நின்று பணம் கேட்கும்.
ஜேஸ்டோர், எப்ஸ்கோ போன்ற தரவுத்தளங்களுக்கு நூலகமே சந்தா கட்டுகிறது. கல்லூரிக் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் முழுக் கட்டுரையும் கிடைக்கும்.

எளிமை: சந்தேகமே இல்லை, ஸ்காலர்தான். முழுக் கேள்வியைத் தட்டினாலும் எதையாவது கொண்டுவந்து கொட்டும்.
தரவுத்தளத்தில் அப்படித் தட்டினால் பல நேரம் பொருத்தமானது கிடைக்காது. கேள்வியைச் சொற்களாக உடைக்க வேண்டும். பதின்வயதினரின் தூக்கம் பற்றித் தேடினால்: 'டீனேஜர்' ஆர் (OR, இரண்டில் ஒன்று இருந்தால் போதும்) 'அடலசன்ட்' என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டு, அப்புறம் ஆண்ட் (AND, இதுவும் இருக்க வேண்டும்) சேர்த்து 'ஸ்லீப்'. முதல் நாள் எரிச்சலாக இருக்கும். பழகிவிட்டால் குப்பை குறையும்.

வடிகட்டல்: எப்ஸ்கோவில் சக அறிஞர் மதிப்பாய்வு (வெளியிடும் முன் அதே துறை அறிஞர்கள் சரிபார்ப்பது) பெற்றவை மட்டும் வேண்டுமென்றால் ஒரு டிக் போதும்.
ஸ்காலரில் அந்த வசதி இல்லை. ஆய்வேடும், மதிப்பாய்வுக்கு முன்பே வெளியிடப்படும் முன்வரைவும் கலந்தே வரும்.

புதுசு: ஜேஸ்டோரில் பல இதழ்களின் கடைசிச் சில ஆண்டுகள் இருக்காது. ஸ்காலர் இங்கே முந்துகிறது.

தலைப்பே இன்னும் பிடிபடவில்லையா, ஒரு கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்க்க வேண்டுமா, ஸ்காலர். மதிப்பாய்வு பெற்ற கட்டுரைகள்தான் வேண்டும் என்று பேராசிரியர் சொன்னால் தரவுத்தளம். ஸ்காலர் அமைப்புகளில் உங்கள் நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நூலகம் அந்த வசதியைத் தந்திருந்தால், சந்தா உள்ள கட்டுரைக்குப் பக்கத்திலேயே இணைப்பு வந்துவிடும்.