டர்போவை மாற்றச் சொன்னால், முதலில் வேக்கூம் ஹோஸைத் தடவிப் பாருங்கள்

பெங்களூரில் பழைய டீசல் வண்டிகள் விலை இறங்கிக் கிடக்கின்றன, ஒன்று வாங்கிப் போடலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். 1.5 லிட்டர் இன்ஜின், விஜிடி டர்போ, அதாவது உள்ளே இருக்கும் வேன்கள் என்ற சின்ன இதழ்களைத் திருப்பி அழுத்தத்தை மாற்றும் வகை. என்னிடம் இருப்பதும் அதே இன்ஜின்தான். மைலேஜ், சீட், ஏசி எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான்காவது கியரில் 1800 ஆர்பிஎம் தாண்டியதும் வரும் அந்த இழுவைக்கு இந்த விலையில் ஜோடி கிடையாது. எரிச்சல் ஒன்றே ஒன்று: அந்த இழுவை சில நாள் வரும், சில நாள் வராது.

சூடு ஏறியதும் மந்தமாகும். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி நோக்கி மேடு ஏறும்போது சில நாள் திடீரென்று லிம்ப் மோடுக்குப் போகும், அதாவது இன்ஜின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். சாவியை அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். வெறும் மந்தம் என்று போனால் சர்வீஸில் ஸ்கேனரைச் செருகி "கோட் எதுவும் இல்லை சார்" என்பார்கள். இசியு என்ற இன்ஜின் கணினி கேட்ட பூஸ்ட்டுக்கும் (டர்போ ஏற்றும் காற்றழுத்தம்) வந்த பூஸ்ட்டுக்கும் உள்ள இடைவெளி சில விநாடிகள் நீடித்தால்தான் பி0299 என்ற பூஸ்ட் குறைவு கோட் பதிவாகும், அதற்குள் நாம் காலை எடுத்திருப்போம். இன்னொரு இடத்தில் கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் "டர்போ போச்சு" என்று எஸ்டிமேட் நீட்டுவார்கள். இரண்டுமே நோய் பார்த்துச் சொன்ன வார்த்தை இல்லை.

பார்க்க வேண்டியவை மூன்று எண்கள்: இசியு கேட்ட பூஸ்ட், உண்மையில் வந்த பூஸ்ட், டர்போவுக்குப் போகும் வேக்கூமைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான சோலனாய்டின் டியூட்டி சதவீதம் (அதை எவ்வளவு வேலை வாங்குகிறது என்பது). மூன்றாவது கியரில் 1500லிருந்து 3500 வரை முழுதாக மிதித்து மூன்றையும் பதிவு செய்யுங்கள். டியூட்டி உச்சத்துக்குப் போயும் பூஸ்ட் வரவில்லை என்றால் எங்கோ கசிவு, அல்லது வேன்களை அசைக்கும் ஆக்சுவேட்டர் வேலை செய்யவில்லை. இசியு கேட்பதே குறைவு என்றால் டர்போவை மறந்துவிடுங்கள். ஏர்ஃப்ளோ சென்சார், டீசல் ஃபில்டர், ரெயில் பிரஷர், வெப்பநிலைகள் என்று போக வேண்டும். பூஸ்ட் கேட்டதைத் தாண்டிக் குதித்து, பூஸ்ட் அதிகம் என்ற பி0234 கோட் வந்தால் வேன்கள் கரியில் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். வண்டியின் ஸ்கேன் போர்ட்டில் செருகும் மலிவான டாங்கிளும் போனில் போடும் பொது ஆப்பும் பெரும்பாலும் வந்த பூஸ்ட்டை மட்டுமே காட்டும். அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

பெங்களூருக்கே உரிய குழப்பம் ஒன்று உண்டு. ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டால் இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் 91 கிலோபாஸ்கல் அளவில் காட்ட வேண்டும். சென்னையில் அது 101. இங்கே நின்றுகொண்டு 98 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. பூஸ்ட் கணக்கிட சில ஆப்கள் கண்ணை மூடிக்கொண்டு 101ஐக் கழிக்கும். அதனால் நல்ல வண்டியிலும் பூஸ்ட் 0.1 பார் குறைந்து தெரியும். டர்போவுக்கும் இங்கே வேலை கூடுதல். உள்ளே (வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்த்து) 2.3 பார் முழு அழுத்தம் வேண்டுமென்றால் சென்னையில் காற்றை 2.3 மடங்குக்குச் சற்றுக் குறைவாக அழுத்தினால் போதும், இங்கே 2.5 மடங்கு. சின்னக் கசிவைச் சமாளிக்க டர்போவிடம் மிச்சம் இருக்காது. "சென்னை போனா சரியாயிடுது சார்" என்று சொல்பவரை மெக்கானிக் சிரித்து அனுப்பிவிடுகிறார். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

இனி குற்றவாளி. ஆக்சுவேட்டருக்கு வேக்கூமை, அதாவது உறிஞ்சும் இழுப்பை, கொண்டுபோகும் அந்த மெல்லிய ஹோஸ். இந்த அமைப்பில் வேக்கூம் இழுத்தால்தான் வேன்கள் மூடி பூஸ்ட் ஏறும். கசிந்தால் திறந்தபடியே கிடக்கும். ரப்பரின் முனை சூட்டில் காய்ந்து தளர்கிறது. அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் நிறுத்தினால் எலி வேறு. முள் மீட்டர் வைத்த கையளவு வேக்கூம் பம்ப் ஒன்று வாங்குங்கள். இன்ஜினின் வேக்கூம் பம்பிலிருந்து வரும் மூல லைனில் ஐடிலிங்கில் 24, 25 அங்குலம் (பாதரச அளவு) வந்தால் நலம். புத்தகத்தில் 28 என்று இருக்கிறதே என்று பதற வேண்டாம், இந்த உயரத்தில் 27ஐத் தாண்ட இயற்கையே விடாது. பிறகு கைப்பம்பை ஆக்சுவேட்டரில் நேராக மாட்டி இழுங்கள். ராடு வழுக்கிக்கொண்டு நகர வேண்டும், முள் ஒரு நிமிடமாவது இறங்காமல் நிற்க வேண்டும். முள் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வான டயாஃப்ராம் கிழிசல். ராடு பாதியில் தயங்கித் தாவினால் கரி. சோலனாய்டில் குட்டி ஃபில்டர் இருந்தால் அதில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஹோஸை உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜேசி ரோட்டில் மீட்டர் கணக்கில் வாங்கலாம். பழைய துண்டைக் கொண்டுபோய் உள்விட்டம் ஒத்துப் பார்த்து, தடித்த சுவருள்ளதாகக் கேளுங்கள். மெல்லியது வேக்கூமில் உறிஞ்சிய ஸ்ட்ராபோல அமுங்கிவிடும்.

வேக்கூம் சரி என்றால், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பக்கம். டர்போவின் காற்று நுழைவாயிலை டயர் வால்வு பொருத்திய மூடியால் அடைத்து, இன்ஜினின் ஆவி வெளியேறும் பிரீதர் குழாயையும் அடைத்து, 10 பிஎஸ்ஐ காற்று ஏற்றி சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், சீல்கள் பாவம். ஹோஸுக்குள் லேசான ஆயில் ஈரம் சகஜம். இணைப்பின் வெளியே ஈரம் என்றால் அங்கேதான் ஓட்டை. கிளிப் இணைப்பின் ஓ ரிங்கை மட்டும் மாற்றினாலே பல வண்டிகள் திருந்திவிடும். அதைத் தனியாக விற்காமல் முழு ஹோஸையும் தலையில் கட்டும் வழக்கத்தை என்னவென்று சொல்ல! வெளியில் கிடைக்கும் கலர் சிலிக்கோன் ஹோஸ் வேண்டாம். உள்ளே ஃப்ளூரோ பூச்சு இல்லாவிட்டால் ஆயில் ஊறி வியர்க்கும்.

இன்ஜின் அருமை, டர்போ நிரபராதி, செலவும் பெரும்பாலும் சில நூறு ரூபாயில் முடியும். ஆனாலும் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். சில்க் போர்டு நெரிசலிலும் அவுட்டர் ரிங் ரோட்டிலும் 1200 ஆர்பிஎம்மில் ஊர்வதுதான் தினசரி என்றால் வேன்களில் கரி படிந்தே தீரும், பெட்ரோலே போதும். வாரம் ஒருமுறை ஓசூர் தாண்டிப் போகிறவர் என்றால் மட்டும் போய்ப் பாருங்கள். பார்க்கும்போது வண்டியை நன்றாகச் சூடாக்கி, மேட்டில் முழுதாக மிதித்து, கேட்டதும் வந்ததும் ஒட்டிப் போகிறதா என்று பதிவை எடுத்துக்கொண்டே விலை பேசுங்கள். ஓனர் "ஆப்பெல்லாம் எதுக்கு சார்" என்றால் அங்கேயே சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.