மூணாறு 2015: பழைய சங்கங்களா, பெம்பிளை ஒருமையா?

கேரளத்தின் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் அப்போது கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டியது அவர்கள்; பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்ததோ ஆண் தலைவர்கள். போனஸ் 10 சதவீதம்தான் என்றதும் பொறுமை போய்விட்டது. செப்டம்பரில் சங்கத் தலைவர்களைக் கிட்டவே விடாமல் பெண்களே சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். இந்தப் பெண்கள் கூட்டுதான் பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை. ஒன்பதே நாளில் 20 சதவீதம் வந்தது: 8.33 போனஸ், 11.67 கருணைத் தொகை. பழைய சங்கங்கள் வாங்கித் தராததை இவர்கள் வாங்கினார்கள்.

கூலி விஷயத்தில் கதை வேறு. நாள் கூலி 232 ரூபாயை 500 ஆக்கக் கேட்டார்கள், 301தான் கிடைத்தது. தினமும் பறிக்க வேண்டிய அளவும் 21 கிலோவிலிருந்து 25 ஆனது. கூடுதல் நாலு கிலோவை முதுகில் சுமந்தது பெண்கள்தான். இப்படி ஆனதற்குக் காரணம், கூலியையும் அளவையும் முடிவு செய்த தோட்டத் தொழிலாளர் குழுவில் இருக்கை இருந்தது பழைய சங்கங்களுக்கே, பெம்பிளை ஒருமைக்கு இல்லை.