ஸ்டீம் பக்கத்துக்குப் படம்: ஸ்கிரீன்ஷொட்டா, ஏஐயா, ஆள் பிடிச்சுக் கீறுவிக்கிறதா?

ஸ்டீம் எண்டுறது கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஒரு இணையக் கடை. சின்னக் கேம் செய்யிற ஆக்கள் நிறையப் பேர் அந்தக் கடைப் பக்கத்தில போடுற படத்த கடைசிக் கிழமைக்குத் தள்ளிவிடுவாங்க, ஆனா வாங்கிற ஆள் முதல்ல பாக்கிறது அதத்தான். எங்கட கேம் மட்டக்களப்பு வாவியில இராவு வலை வீசப் போற ஒரு ஆளப் பத்தினது, நானும் கூட்டாளியும் சேந்து செஞ்சது, அதுக்குப் படம் எடுக்க மூண்டு வழியையும் பாத்துட்டுத்தான் ஒண்ட எடுத்தம். நான் எந்தப் பக்கம் எண்டு இப்பவே சொல்லிடுறன்: ஆள் பிடிச்சுக் கீறுவிக்கிற பக்கம், அதுவும் ஏலுமெண்டா நம்மட ஊர் ஆளா இருக்கோணும். வடிவான படம் மூண்டு வழியிலயும் கிடைக்கும், பிறகு அந்தப் படத்த வச்சு வேலை செய்யேக்கதான் வித்தியாசம் தெரியும்.

ஸ்கிரீன்ஷொட் வழி லேசு. கேமில நல்ல ஒரு இடத்தப் பிடிச்சு, மேல பேரப் போட்டா முடிஞ்சுது, காசும் இல்ல, கேமில இருக்கிறதத்தான் காட்டுறதால வாங்கிற ஆளையும் ஏமாத்தல்ல. ஒரே ஒரு பெரிய உருவம் நடுவில நிக்கிற கேமெண்டா இது நல்லாவே எடுபடும். எங்கடயப் போல இருட்டுத் தண்ணி, சின்னத் தோணி, தூரத்தில லைட் எண்டு கிடந்தா சரிவராது. கடையில கேமக் காட்டுற படத்துக்கு ஸ்டீமில கெப்ஸ்யூல் எண்டுதான் பேர். அதில சின்ன கெப்ஸ்யூல் எண்டு ஒண்டு இருக்கு, நாங்க குடுக்கிறது 462க்கு 174 பிக்சல், ஆனா அவங்க அத 184க்கு 69, 120க்கு 45 எண்டு இன்னும் குறுக்குவாங்க. 120க்கு 45ல தோணி எங்க வலை எங்க, ஒண்டும் தெரியாது, கறுப்புக்குள்ள ஒரு மஞ்சள் புள்ளிதான். அந்தச் சின்னதில கேமிட பேர்தான் கிட்டத்தட்ட முழு இடத்தையும் பிடிக்கோணும், வேற வழி இல்ல. தமிழில பேர் போடுற ஆக்கள் இன்னும் கவனமா இருக்கோணும், ணை, ஞி மாதிரி எழுத்துகள்ற சுழி அந்த அளவில அடைஞ்சு போயிரும், தடிச்ச எழுத்தா, உள்ளுக்கு இடம் விட்டுக் கீறினதா எடுங்க.

ஏஐ. வேகத்தில அத அடிக்க ஏலாது, அஞ்சு நிமிசத்தில பத்துப் படம் தரும். ஆனா மட்டக்களப்புத் தோணி கேட்டா கேரளத்து ஹவுஸ்போட் வருகுது, இல்லாட்டி வெனிஸ் பக்கத்துப் படகு வருகுது, வீச்சுவலை கேட்டா சிலந்திவலை மாதிரி ஒண்டு ஆள்ற கையிலயிருந்து முளைக்குது. கல்லடிப் பாலத்தடியில நிண்டு வலை வீசுறவங்களப் பாத்து வளந்த ஆளுக்கு அது உடன கண்ணில குத்தும். அதோட ஸ்டீம் 2024 ஜனவரியிலயிருந்து ஏஐ பாவிச்சா அதச் சொல்லோணும் எண்டு கேக்குது, சொன்னது ஸ்டோர் பக்கத்திலயே வாங்கிறவங்களுக்குத் தெரியும். அதப் பாத்துட்டு விட்டுட்டுப் போற ஆக்களும் இருக்கிறாங்க, கவலப்படாத ஆக்களும் இருக்கிறாங்க.

இதெல்லாம் ஒரு பக்கம். எங்களுக்கு முடிவெடுக்க வச்சது படத்தப் பிறகு பராமரிக்கிற வேலை.

ஸ்டீம் ஒரு படம் கேக்கிறல்ல, ஒரே படத்த எத்தினையோ வடிவத்தில கேக்குது. ஹெடர் 920க்கு 430, மெயின் 1232க்கு 706, இது ரெண்டும் படுக்கை. வெர்ட்டிகல் 748க்கு 896, லைப்ரரி கெப்ஸ்யூல் (வாங்கின ஆள்ற கேம் பட்டியலில தெரியிறது) 600க்கு 900, இது ரெண்டும் நிமிந்து நிக்கிறது. மறுகா லைப்ரரி ஹீரோ 3840க்கு 1240, நீட்டு, அதில எழுத்தே இருக்கக்கூடாது, லோகோவத் தனியாப் பின்புலம் இல்லாத பிஎன்ஜியாக் குடுக்கோணும். ப்ளே ஸ்டோருக்கும் போறதெண்டா 512க்கு 512 ஐகொனும் 1024க்கு 500 படமும் வேற, சின்னக் கேம்கள் விக்கிற இட்ச் (itch.io) தளத்துக்கு 630க்கு 500. ஒரே தட்டா ஒட்டின படத்த வச்சு இதெல்லாத்தையும் வெட்டப் போனா ஒண்டில தலை போகும், ஒண்டில வலை போகும், ஒண்டில வெறும் வானம்தான் மிஞ்சும். ஸ்கிரீன்ஷொட்டும் ஒரே தட்டு, ஏஐ தாறதும் அனேகமா ஒரே தட்டு. ஏஐயிட்ட அதே ஆள நிமிந்த வடிவத்தில தா எண்டு கேட்டா ஒண்டுவிட்ட தம்பி மாதிரி வேற ஒரு முகம் வருகுது.

எங்களுக்குக் கீறித் தந்தது கல்லடி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில படிச்ச ஒரு தங்கச்சி. அவ தந்த ஃபைல் லேயர் லேயரா, அதாவது ஒண்டுக்கு மேல ஒண்டா வச்ச தனித்தனித் தட்டா இருந்தது. திறந்தா வானம் ஒரு லேயர், நிலா ஒண்டு, தண்ணி ஒண்டு, தண்ணியில விழுற வெளிச்சம் தனிய, தோணி ஒண்டு, ஆள் ஒண்டு, வலை ஒண்டு, எல்லாத்துக்கும் மேல லோகோ. ஆளுக்குப் பின்னால மறைஞ்சு கிடக்கிற தோணி விளிம்பையும் அவ முழுசாக் கீறித்தான் தந்தவ, அதால ஆள நகத்தினா அங்க ஓட்டை விழாது. படுக்கையில தோணிய வலப்பக்கம் வச்சு இடப்பக்கம் பேர், நிமிந்ததில தோணியக் கீழ இறக்கி நிலாவ மேல ஏத்தி நடுவில பேர், சின்னதில பேரும் லாம்பும் மட்டும். இவ்வளவும் நாங்களே நகத்திச் செஞ்சம், அவவத் திருப்பிக் கூப்பிடத் தேவைப்படல்ல.

பிறகு அப்டேட்டில கல்லடிப் பாலத்தக் கேமுக்குள்ள கொண்டு வந்தநேரம்தான் இதிட அருமை நல்லா விளங்கினது. சும்மா நாளில கெப்ஸ்யூலில கேமிட பேர், துணைப்பேர் தவிர வேற எழுத்துப் போட ஏலாது, ரிவியூ மார்க், விருது, தள்ளுபடி ஒண்டும் கூடாது, அது 2022 செப்டம்பர் 1லயிருந்து உள்ள சட்டம். ஆனா பெரிய அப்டேட் வந்தா அதக் காட்டுறதுக்கெண்டு வேற படத்த ஒரு மாசம் மட்டும் மாத்திப் போட விடுவாங்க. அவ பாலத்த மட்டும் தனி லேயராக் கீறி அனுப்பினவ, நாங்க அத வானத்துக்கும் தண்ணிக்கும் நடுவில வச்சம், அதே ஆள், அதே வலை, பாத்த ஆளுக்கு இது அந்தக் கேம்தான் எண்டு உடன விளங்கும். ஏஐ படமெண்டா முழுசா முதல்லயிருந்து, முகமும் மாறியிருக்கும்.

வெளிநாட்டில கெப்ஸ்யூல் மட்டுமே கீறுற கெட்டிக்காரர் இருக்கிறாங்க, அவங்கட வேலையப் பாத்தா ஆசையாத்தான் இருக்கு. ஆனா ஸ்டீமுக்குக் கட்டுற 100 டொலரே இஞ்ச எங்களுக்குப் பெரிய காசு, அதுக்கு மேல டொலரில இன்னொரு கூலி தாங்காது. அவங்களோட நான் வேலை செஞ்சதில்ல, அதால தரத்தில எங்கட படம் அதுக்கு நிகரெண்டு சொல்லமாட்டன். இந்தப் படத்தாலதான் ஆக்கள் கூடினாங்க எண்டும் அடிச்சுச் சொல்ல ஏலாது, அதே நேரம் டெமோவும் விட்டிருந்தம். ப்ளே ஸ்டோரில ரெண்டு படத்தப் போட்டு எது எடுபடுதெண்டு பாக்கிற வசதி இருக்கு, அங்க போற ஆக்கள் அதப் பாவிங்க.

ஆள் பிடிக்கிறதெண்டா விலை பேசுற முதல் மெசேஜிலயே இதுகளக் கேட்டு எழுத்தில வாங்குங்க: லேயர் பிரிச்ச மூல ஃபைல் தருவீங்களா, லோகோ தனியா வருமா, வானமும் தண்ணியும் நாலு பக்கமும் தாராளமாக் கீறியிருக்குமா, பிறகு நாங்களே மாத்திப் பாவிக்கலாமா. இதுக்கு ஆம் எண்டு சொல்ற ஆளுக்கு ஆயிரமோ ரெண்டாயிரமோ ரூபா கூடக் குடுக்கலாம். க்ரிட்டா எண்டுற இலவசக் கீறல் மென்பொருளில கீறுற ஆளெண்டா பிஎஸ்டியாவும் (ஃபொட்டோஷொப் ஃபைல்) சேமிச்சுத் தரச் சொல்லுங்க, வாங்கின உடன உங்கட மெசினில திறந்து ஒவ்வொரு லேயரா அணைச்சுப் போட்டுப் பாத்துட்டு மிச்சக் காசக் குடுங்க.