பூல் டேபிள் வாங்குகிறீர்களா? பாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்

வீட்டில் பூல் டேபிள் (ஸ்டிக்கால் பந்தை அடித்து, ஓரத்துக் குழிகளான பாக்கெட்டுகளில் விழவைக்கும் ஆட்டத்துக்கான மேசை) போடும் எண்ணத்தில் இருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

கோவையில் எங்கள் மாடி அறை 15 அடி நீளம், 12 அடி அகலம். கடைக்காரர் நேரில் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டு, "எட்டடி டேபிள் தாராளமா உட்காரும் சார்" என்றார். டேபிள் உட்காரும்தான். ஆடுகிறவர் எங்கே நிற்பது? எட்டடி டேபிளில் ஆடும் பரப்பு 88க்கு 44 அங்குலம். ஸ்டிக் 58 அங்குலம். நான்கு பக்கமும் ஒரு ஸ்டிக் நீளம் விட்டால்தான் குஷனை (டேபிளின் ரப்பர் ஓரத்தை) ஒட்டி நிற்கும் பந்தை அடிக்க முடியும். அப்படிப் பார்த்தால் அறை 17 அடிக்கு 13 அடி 4 அங்குலமாவது வேண்டும். கையைப் பின்னால் இழுக்க இன்னும் அரை அடி இருந்தால் நல்லது. எங்கள் அறைக்கு ஏழடி டேபிளே நெருக்கடிதான். இதையே தொழிலாகச் செய்கிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்காது. கேட்டதற்கு, 48 அங்குலக் குட்டை ஸ்டிக் ஒன்றைத் தனி விலைக்கு நீட்டினார்.

சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்லேட் விஷயம் அப்பட்டமான மோசடி.

நல்ல டேபிளுக்கு அடிப்படையே ஸ்லேட் கல். எட்டடிக்கு வழக்கமாக ஒரு அங்குல கனத்தில் மூன்று துண்டுகள் வரும். இணைப்புகளை நிரப்பி, ரசமட்டம் வைத்துச் சமன் செய்து, மேலே துணியை இழுத்து அடிப்பார்கள். ஈரக்காற்றுக்குக் கல் வளைவதில்லை. எங்களுக்கு வாட்ஸாப்பில் வந்த கோட்டேஷனில் "ஸ்லேட் டாப்" என்று இருந்தது. மீதிப் பணம் கட்டிய பிறகு கிடைத்த பில்லில் அது "பிரீமியம் பெட்" ஆகிவிட்டது. மழைக்காலம் வந்ததும் மெதுவாக உருட்டிய பந்தெல்லாம் நடுவை நோக்கித் திரும்ப ஆரம்பித்தது. கடை ஃபிட்டர் காலுக்கு அடியில் அட்டை வைத்துவிட்டுப் போனார். நடுவில் தொய்ந்த பலகையைக் காலை உயர்த்தி எப்படிச் சரிசெய்வது? வேறொருவரை அழைத்துத் துணியைப் பிரித்தோம். உள்ளே வெறும் எம்டிஎஃப், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. ரிட்டயர் ஆன அப்பா ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பொருள் இது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். துணி மாற்றித் தருவதாக மட்டும் கடையிலிருந்து பதில் வந்தது. அப்புறம் கோட்டேஷன், பில், பிரித்த பலகையின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் பில்லிலும் கல்லின் பெயரும் கனமும் இல்லாமல் "பிரீமியம் பெட்" என்று மட்டும் இருந்தால் மீதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள். டேபிளுக்கு அடியில் குனிந்தும் பாக்கெட் ஓரத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிறக் கல் தெரிய வேண்டும்.