மஞ்சள் கரிசலாங்கண்ணியா, சிங்கப்பூர் டெய்சியா?

மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நர்சரியில் கொடுத்த செடியை இரண்டு வருடம் ஆசையாக வளர்த்தேன். வீட்டுக்கு வந்த சித்த மருத்துவர் ஒருவர் இலையைப் பார்த்ததும், "இது சிங்கப்பூர் டெய்சி, சமைத்துவிடாதீர்கள்" என்றார். அதற்குள் அது வேலியைத் தாண்டி வாய்க்கால் கரையில் இறங்கியிருந்தது.

பூவை மட்டும் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம். தரையோடு படரும் பல்லாண்டுச் செடிகள். இரண்டிலும் மஞ்சள் பூ. அதனால் இலையைப் பாருங்கள். நம் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், தடவினால் சொரசொரக்கும். டெய்சியின் இலை அகலம், பளபளப்பு. பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும்.

அழகில் டெய்சிக்கே முதலிடம் தருவேன். பூ பெரிது, வருடம் முழுவதும் பூக்கும், வெயிலைத் தாங்கும். ஆனால் அதன் சொந்த மண் மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரை. இங்கே அதற்கு விதைகூட வேண்டியதில்லை. வெட்டி எறிந்த தண்டுத் துண்டு கணுவில் வேர்விட்டுப் பாயாகப் படர்ந்து, அடியில் வேறெதையும் முளைக்க விடாது. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. தெற்குச் சீனாவில் இவ்விரண்டும் கலந்து கலப்பினமே தோன்றிவிட்டது. நம் செடியின் தனித்தன்மையே இப்படிக் கரைந்துபோகுமோ என்பதுதான் என் பெரிய கவலை.

பொற்றலைக் கையாந்தகரை என்று சித்த மருத்துவம் போற்றும் மூலிகை அல்லவா இது! கல்லீரல் மருந்து ஆய்வுகளில் அடிபடும் வெடெலோலாக்டோன் என்ற வேதிப்பொருளின் அமைப்பை வேதியியலாளர் டி.ஆர். கோவிந்தாச்சாரி குழுவினர் 1956இல் வெளியிட்டதும் இந்தச் செடியை ஆராய்ந்துதான்.

வளர்ப்பதில் ஒரே நிபந்தனை ஈரம். வயல் வரப்பும் வாய்க்கால் ஓரமும் அதன் இயல்பான இடங்கள். கணுக்கள் உள்ள ஒரு சாண் தண்டைப் படுக்கவைத்து மண் மூடுங்கள். கிணற்றடியோ குழாயடியோ போதும், தொட்டியிலும் வரும். தண்ணீர் காட்டமுடியாத வறண்ட இடத்தில் இது தோற்கும். அங்கேயும் டெய்சியை நடச் சொல்ல எனக்கு மனம் வராது.

வாய்க்கால் கரையில் டெய்சி இன்னும் தலைகாட்டுகிறது. மழை பெய்து மண் இளகியதும் வேரோடு பிடுங்கி, சிமென்ட் தரையில் சருகாகும்வரை காயவைக்கிறேன். பச்சையாகக் குப்பைமேட்டில் போட்டால் அங்கேயே வேர்பிடித்துவிடும்.